பிரதியின் பெறுமதி: யப்பானிய றொக் இசைத்தட்டுகளின் சேகரிப்புப் பற்றிய ஒரு நோக்கு

1

கலைப்படைப்பொன்றின் மூலத்துக்கும் அதன் பிரதிக்கும் இடையிலான உறவு திறனாய்வாளர் பலரின் கவனத்தை ஈர்த்து வந்துள்ள விடயமாகும். மூலமே மெய்யானது, பிரதி அதன் நிழல் என்பது பொதுவாக நிலவும் கருத்து. ஓவியமாயினும் நூலாயினும், சேகரிப்போர் நாடுவது மூலத்தை அல்லது மூலத்துக்கு மிக அண்மித்த ஒன்றையே. இப்பொதுவிதிக்கு மாறான ஒரு போக்கு இசைத்தட்டுச் சேகரிப்போரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் தோன்றிய றொக் இசைத்தொகுதிகளை, அவை தோன்றிய நாட்டின் பதிப்புகளாக அன்றி, 1960களிலும் 1970களிலும் யப்பானில் அச்சழுத்தப்பட்ட பதிப்புகளாகத் தேடிப் பெறுவோர் பலர் உளர். பீற்றில்ஸ், லெட் செப்பலின், பிங்க் புளொயிட், டீப் பேர்ப்பிள் முதலிய குழுவினரின் யப்பானியப் பதிப்புகள், பிற நாட்டுப் பதிப்புகளைவிடப் பன்மடங்கு விலைக்குக் கைமாறுவதும் உண்டு. பாடுவோரின் மொழி ஆங்கிலம். ஒலிப்பதிவு நிகழ்ந்தது பெரும்பாலும் இலண்டனில் அல்லது அமெரிக்க நகரொன்றில். இருந்தும், கடல் கடந்து சென்று மறுபதிப்பாகிய தட்டே விரும்பப்படுகின்றது. இங்கே பிரதி மூலத்தினும் உயர்ந்த இடத்தைப் பெற்றுவிடுகின்றது.

இவ்விருப்பத்துக்குச் சேகரிப்போர் பொதுவாக மூன்று காரணங்களைக் கூறுவர். யப்பானியத் தட்டுகளின் ஒலி தூய்மையானது என்பது ஒன்று. அவற்றின் உறையும், உறையுடன் வரும் தாள்களும் நிறைவானவை என்பது மற்றொன்று. அவை கிடைத்தற்கரியன என்பது மூன்றாவது. இக்காரணங்கள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மையுண்டு. எனினும் இம்மூன்றையும் கூட்டினாலும் இப்பதிப்புகளின் உண்மையான சிறப்பு புலப்படுவதில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடாகும். அந்நிய நாடொன்றின் கலையை ஒரு சமூகம் எத்துணை உழைப்போடு ஏற்றுக்கொண்டது என்பதற்கு இத்தட்டுகள் சான்றாக நிற்கின்றன. அச்சான்றைப் பேணுவதாகக் கூறும் சேகரிப்பு, பல வேளைகளில் அதனை மறைத்தும் விடுகின்றது.

2

எந்தக் கலைப்பொருளையும் அது தோன்றிய பொருளாதாரப் பின்னணியில் வைத்து நோக்குதல் அவசியம். யப்பானிய இசைத்தட்டின் தரத்தைச் சிலர் அம்மக்களின் இயல்பான நேர்த்தி என்று கூறி அமைவர். இது விளக்கமாகாது. ஓர் இனத்தின் இயல்பு என்று கூறப்படுவது பெரும்பாலும் அதன் உற்பத்தி முறையின் விளைவாகவே இருக்கும்.

யப்பானின் இசைத்தட்டுக் கம்பனிகள் பல, மின்சாதன உற்பத்தி நிறுவனங்களுடன் பிணைந்திருந்தன. பீற்றில்ஸ் குழுவினரின் தட்டுகளை அங்கு வெளியிட்ட தொஷிபா நிறுவனத்தின் இசைப்பிரிவு 1960இல் தனிக்கம்பனியாயிற்று. 1973இல் பிரித்தானிய ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பெயரையும் இணைத்துத் தொஷிபா-ஈ.எம்.ஐ. ஆயிற்று. அந்நிய மூலதனத்துக்கான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின்னர், 1968இல் சி.பி.எஸ்.-சோனி கூட்டு நிறுவனமும் 1970இல் வோணர்-பயனியர் கூட்டு நிறுவனமும் தோன்றின. விக்ரர் நிறுவனமோ வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி, ஒலிச்சாதனம், இசைத்தட்டு ஆகிய அனைத்தையும் ஒருங்கே செய்தது. ஆகவே இந்நாட்டில் இசைத்தட்டை விற்றவர்களும், அதனை ஒலிக்கச் செய்யும் கருவியை விற்றவர்களும் பெரும்பாலும் ஒருவரே. இரைச்சலிடும் தட்டு, அவர்களுடைய கருவியின் நற்பெயரையே கெடுக்கும். நல்ல தட்டு அக்கருவியின் விளம்பரமாகவும் அமையும். 1970இல் நேரடி இயக்கச் சுழலி விற்பனைக்கு வந்த நாட்டில், அத்தகைய கருவிக்கு ஈடான தட்டு வேண்டப்பட்டமை வியப்பன்று.

நுகர்வோரின் நிலையும் மனங்கொள்ளத்தக்கது. 1970களின் தொடக்கத்தில் ஓர் எல்.பி. இசைத்தட்டின் விலை 2,000 யென் அளவினதாக இருந்தது; அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அது 2,500 யென்னை எட்டியது. நூல்கள், பத்திரிகைகள் போன்றே இசைத்தட்டுகளும் வெளியிடுவோர் குறித்த விலைக்கே விற்கப்படவேண்டும் என்னும் ஏற்பாட்டுக்கு 1953ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இடமளித்திருந்தது. கடைக்காரர் விரும்பியபடி விலையைக் குறைக்க முடியாது. 1971 வரை ஒரு டொலர் 360 யென்னாக இருந்ததை நினைவிற்கொண்டால், 2,000 யென் என்பது ஐந்தரை டொலர் அளவினதாகும். அமெரிக்கத் தட்டின் விலையும் ஏறத்தாழ அதுவே. ஆயின் யப்பானிய மாணவனின் வருவாய் அமெரிக்க மாணவனின் வருவாய்க்கு ஈடாக இருக்கவில்லை. தட்டு வாங்குதல் ஆழ்ந்து சிந்தித்துச் செய்யவேண்டிய செலவாக இருந்தது.

இசையைக் கேட்பதற்கென்றே அமைந்த கோப்பிக் கடைகள் அந்நாட்டில் வளர்ந்தமைக்கும் இதுவே அடிப்படை. யொக்கொகாமாவிலுள்ள சிகுசா என்னும் ஜாஸ் இசைக் கோப்பிக் கடை 1933இல் தொடங்கப்பட்டது. ஒரு கிண்ணம் கோப்பியின் விலைக்கு, வீட்டில் வைத்திருக்க இயலாத தட்டுகளை உயர்தரக் கருவியிற் கேட்கலாம். றொக் இசை பரவிய காலத்தில் அதற்கெனவும் இத்தகைய கடைகள் தோன்றின. பேச்சை அடக்கி, செவியை ஒருமுகப்படுத்திக் கேட்கும் ஒரு பயிற்சி இவ்வாறு உருவாயிற்று. யப்பானியப் பதிப்பின் தரத்தை வேண்டி நின்றவர்கள் இத்தகைய கேட்போரே.

3

இனி, ஒலி பற்றிய முதலாவது காரணத்தை நோக்குவோம். யப்பானியத் தட்டுகளின் மேற்பரப்பு அமைதியானது என்பது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளக்கூடிய கூற்றே. வைனைல் தட்டு உராய்வினால் நிலைமின்னேற்றம் பெறுகின்றது. அம்மின்னேற்றம் தூசியைக் கவர்கின்றது. தடத்திற் படிந்த தூசி ஊசியிற் பட்டுச் சடசடவென ஒலிக்கின்றது. இதனைத் தவிர்ப்பதற்கு நிலைமின்னைத் தடுக்கும் பொருளைக் கலந்து தொஷிபா நிறுவனம் உருவாக்கிய தட்டுகள் எவர்கிளீன் எனப் பெயர்பெற்றன. செந்நிறமான இத்தட்டுகள் 1970களின் முற்பகுதி வரை வெளிவந்தன. 1969இல் வெளியான 'அபி றோட்' தொகுதியின் முதல் யப்பானியப் பதிப்பும் இவ்வாறு செந்நிறத்தில் வந்தது. இன்று சேகரிப்போர் அதனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அதன் நிறத்தைக் கண்டு மகிழ்வர். ஆயின் ஒலியைத் தீர்மானிப்பது நிறமன்று.

மற்றொரு முன்னேற்றம் விக்ரர் நிறுவனத்தினால் நிகழ்ந்தது. 1970களின் தொடக்கத்தில் நான்கு ஒலிவழிகளை ஒரே தடத்திற் பதிக்கும் முறையொன்றை அந்நிறுவனம் வெளியிட்டது. இம்முறையிற் பின்புற ஒலிகளுக்குரிய தகவல், 30,000 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணை மையமாகக் கொண்ட ஓர் அலையின் மீது ஏற்றப்பட்டது. மனிதச் செவி கேட்கக்கூடிய எல்லை 20,000 ஹேர்ட்ஸ் அளவினதே. இத்துணை நுண்ணிய அதிர்வுகள் சாதாரண வைனைலிற் சில முறை இசைத்தவுடனேயே தேய்ந்து அழிந்துவிடும். ஆகவே தேய்வைத் தாங்கும் புதிய கலவையும், தடத்தோடு நன்கு பொருந்தும் சிபாற்றா ஊசியும் உருவாக்கப்பட்டன. நான்கு வழி ஒலிமுறை சந்தையில் தோல்வியுற்றது. அதற்காகப் பிறந்த கலவையோ நிலைத்தது. 1970களின் இறுதியில், உயர்தர மீள்பதிப்புகளை வெளியிட்ட மொபைல் பிடெலிற்றி என்னும் அமெரிக்க நிறுவனம், தன் தட்டுகளை விக்ரர் நிறுவனத்தின் மூலம் யப்பானிலேயே அழுத்துவித்தது. 1982இல் அது வெளியிட்ட பீற்றில்ஸ் தொகுதிப்பேழையும் அங்கேயே அழுத்தப்பட்டது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் அமெரிக்கக் கம்பனிகள் தட்டின் கனத்தைக் குறைத்தும், பழைய தட்டுகளை அரைத்து மீளப் பயன்படுத்தியும் வந்த சூழலில், இவ்வேறுபாடு கேட்போருக்கு வெளிப்படையாகவே தெரிந்தது.

ஆயின் அமைதியான மேற்பரப்பும் மூலத்துக்கு நெருக்கமும் ஒன்றல்ல. ஒரு தட்டு உருவாவதற்கு மூல ஒலிநாடாவிலிருந்து மெருகுத் தகட்டில் தடம் வெட்டப்படவேண்டும். அத்தகட்டிலிருந்து உலோக அச்சு எடுக்கப்பட்டு வைனைல் அழுத்தப்படும். மூல ஒலிநாடாவைக் கம்பனிகள் எளிதிற் கடல்கடந்து அனுப்புவதில்லை. யப்பானுக்குச் சென்றது பெரும்பாலும் நாடாவின் படியே. சில வேளைகளிற் படியின் படி. ஒவ்வொரு படியிலும் சிறிது இரைச்சல் கூடும், சிறிது நுண்மை குறையும். மேலும், தடம் வெட்டும் பொறியியலாளர் உயர்ந்த சுரங்களையோ தாழ்ந்த சுரங்களையோ தம் செவிக்கேற்பச் சீர்செய்வார். இலண்டனில் வெட்டப்பட்ட முதற் பதிப்பு, இசைக்குழுவினரின் கண்முன்னே அல்லது அவர்களுடைய பொறியியலாளரின் கையால் உருவாகியிருக்கலாம். டோக்கியோவில் வெட்டப்பட்டதற்கு அவ்வாய்ப்பு அரிது.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நம்மவரின் அனுபவம் இவ்விடத்துக் கைகொடுக்கும். அழகிய கையெழுத்தில், பூச்சி அரிக்காத ஏட்டில், பிழையின்றி எழுதப்பட்ட படி ஒன்று இருக்கலாம். அதனாலேயே அது மூலபாடத்துக்கு அண்மித்தது என்று பதிப்பாசிரியர் கொள்வதில்லை. எந்தச் சுவடியிலிருந்து அது படியெடுக்கப்பட்டது என்பதையே முதலில் வினவுவர். இசைத்தட்டுக்கும் அவ்வினா பொருந்தும். யப்பானியப் பதிப்பு தெளிந்த ஏடு. அதன் வழிமுறை சற்றே நீண்டது. எனவே அதனை ஒலியின் முடிந்த முடிபாகக் கொள்வோரின் கூற்று பாதியளவே உண்மையாகும். நல்ல செவியுடைய சேகரிப்போர் சிலரும் இதனை அறிவர். அறிந்தும் அவர்கள் யப்பானியப் பதிப்பை நாடுவதற்குக் காரணம் ஒலிக்கு அப்பால் இருத்தல் வேண்டும்.

4

அக்காரணம் தாளில் உள்ளது. யப்பானியப் பதிப்பின் உறையைச் சுற்றி ஒரு தாட்பட்டி அணிவிக்கப்பட்டிருக்கும். கிமோனோ உடையின் இடைக்கச்சையின் பெயரால் இதனை 'ஓபி' என்பர். அந்நாட்டு நூல்களுக்கும் இத்தகைய பட்டி உண்டு. இசைத்தொகுதியின் பெயரும் குழுவின் பெயரும் யப்பானிய எழுத்தில் இதிற் பொறிக்கப்பட்டிருக்கும். விலையும், பதிப்பிலக்கமும், வாங்குவோரைக் கவரும் சில சொற்களும் இருக்கும். ஆங்கிலம் வாசிக்க இயலாத ஒருவர் கடையிற் குழம்பாதிருப்பதற்கு இது உதவியது. வாங்கியபின் அதன் பணி முடிந்துவிடும். பலர் அதனைக் கிழித்தெறிந்தனர். கிழித்தெறியப்பட்டமையாலேயே எஞ்சியது அரியதாயிற்று. ஒரே தட்டு, ஒரே உறை. பட்டியுடன் ஒரு விலை, பட்டியின்றி இன்னொரு விலை. அரிய பதிப்புகளில் இவ்விரு விலைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு தட்டின் விலையையே விஞ்சிவிடும். ஒரு சில சதமீற்றர் அகலமுடைய விளம்பரத் தாள், இசையினும் விலையேறியதாகின்றது.

இத்தாளின் உண்மையான பெறுமதி அதில் எழுதப்பட்டிருப்பதில் உள்ளது. ஓபியிலும் உள்ளிதழ்களிலும் ஒரு மொழிபெயர்ப்பு முயற்சி நிகழ்ந்திருக்கின்றது. பிங்க் புளொயிட் குழுவினரின் 1970ஆம் ஆண்டுத் தொகுதியின் பெயர், அணு, இதயம், தாய் என்னும் பொருள்தரும் சொற்களை அடுக்கிய வினோதமான ஆங்கிலத் தொடராகும். யப்பானியர் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து நான்கு சித்திர எழுத்துகளாக்கினர். சீன மொழியின் பழந்தொடர் போன்று அது கம்பீரம் பெற்றது. 1973ஆம் ஆண்டில் வெளியான 'நிலவின் இருண்ட பக்கம்' என்னும் பொருளுடைய தொகுதிக்கோ அவர்கள் நேர்மொழிபெயர்ப்பை நாடவில்லை. 'பித்து' என்று பொருள்தரும் ஒரே சொல்லைத் தலைப்பாக்கினர். தொகுதி முழுவதையும் கேட்டு, அதன் உள்ளடக்கத்தை உணர்ந்து, அதனை ஒரு சொல்லில் அடக்கிய விமரிசனம் அது எனக் கூறின் மிகையாகாது.

பிழைகளும் நேர்ந்தன. பீற்றில்ஸ் குழுவினரின் 1965ஆம் ஆண்டுப் பாடலொன்று நோர்வே நாட்டு மரப்பலகையைக் குறிக்கும் தலைப்பைக் கொண்டது. மரத்தையும் காட்டையும் குறிக்கவல்ல அந்த ஆங்கிலச் சொல்லை யப்பானியர் 'காடு' என்றே கொண்டனர். நோர்வேக் காடு என்னும் அத்தலைப்பு ஒரு தலைமுறையினரின் மனத்தில் ஊன்றியது. 1987இல் ஹருகி முரகாமி தம் நாவலுக்கு அப்பெயரையே சூட்டினார். மூலத்தில் இல்லாத காடொன்று மொழிபெயர்ப்பில் வளர்ந்து, புதிய இலக்கியத்துக்குப் பெயராகி, அந்நாவலின் வழியே உலகெங்கும் சென்றது. பிழையான பாடமும் ஒரு பண்பாட்டில் உயிர்பெற்று வேலை செய்யும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது.

உறையின் உள்ளே பாடல்களின் ஆங்கில வரிகளும், பல பதிப்புகளில் அவற்றின் யப்பானிய மொழிபெயர்ப்பும், விமரிசகர் ஒருவரின் விளக்கக் கட்டுரையும் இருந்தன. மூலநாட்டுப் பதிப்பிற் பாடல் வரிகளே அச்சிடப்படாத தொகுதிகளுக்கும் யப்பானியப் பதிப்பில் இவை சேர்க்கப்பட்டதுண்டு. 1969இல் நாகமுரா தோயோ முதலியோர் தொடங்கிய 'நியூ மியூசிக் மகசின்', 1972இல் ஷிபுயா யோயிச்சி முதலிய இளைஞர் தொடங்கிய 'றொக்கிங் ஒன்' ஆகிய இதழ்கள் இவ்விசை பற்றிய தீவிரமான விவாதங்களை வளர்த்த காலம் அது. தட்டோடு வந்த கட்டுரை அவ்விவாதத்தை வாங்குவோரின் வீட்டுக்கே கொண்டுசென்றது. மொழி அறியாத இசையைக் கேட்ட மாணவனொருவன், ஒரு கையில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மறுகையால் ஊசியை மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கு நகர்த்தியிருப்பான். அத்தாள் வாசிப்பதற்கென அச்சிடப்பட்டது. இன்று அத்தட்டுக்குப் பெருவிலை கொடுப்போர் பலருக்கு யப்பானிய மொழி தெரியாது. வாசிக்கப்படுவதற்கென எழுந்த தாள், வாசிக்க இயலாதவரின் பேழையிற் பழுதின்றிக் கிடக்கின்றது.

5

யப்பானியக் கேட்போர் வெறும் நுகர்வோராக அமையவில்லை என்பதற்கு மற்றொரு வகைச் சான்றும் உண்டு. சில தொகுதிகளைப் பொறுத்தவரை யப்பானியப் பதிப்பே மூலமாகும். டீப் பேர்ப்பிள் குழுவினர் 1972 ஓகஸ்ற் 15, 16ஆம் திகதிகளில் ஒசாக்காவிலும் 17ஆம் திகதி டோக்கியோ புடோக்கான் அரங்கிலும் பாடினர். யப்பானியக் கம்பனியின் வேண்டுகோளுக்கிணங்கவே அந்நிகழ்ச்சிகள் பதிவு செய்யப்பட்டன. குழுவினருக்கு அதில் அதிக அக்கறை இருக்கவில்லை. யப்பானுக்கு வெளியே அது வெளியாவதையும் அவர்கள் முதலில் விரும்பவில்லை. பதிவின் தரத்தைக் கேட்ட பின்னரே நிலைமை மாறியது. அவ்விரட்டைத் தட்டு இன்று மேடை றொக் இசையின் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

கார்லொஸ் சந்தானாவின் குழுவினர் 1973 யூலையில் ஒசாக்காவில் நிகழ்த்திய கச்சேரி, 1974இல் 'லோட்டஸ்' என்னும் மூன்று தட்டுத் தொகுதியாக யப்பானில் வெளிவந்தது. யொக்கோ தடனோரி என்னும் ஓவியர் அதற்கு 22 பகுதிகளாக விரியும் உறையை அமைத்தார். ஐக்கிய அமெரிக்காவில் இத்தொகுதி 1991 வரை வெளியாகவில்லை. சீப் ட்றிக் என்னும் அமெரிக்கக் குழுவினரின் வரலாறு இதனினும் தெளிவானது. தம் நாட்டிற் பெரும் வரவேற்பின்றி இருந்த அவர்களை யப்பானிய இரசிகர் கொண்டாடினர். 1978 ஏப்பிரிலில் நிகழ்ந்த புடோக்கான் கச்சேரியின் பதிவு, யப்பானியருக்கென்றே அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியிடப்பட்டது. அத்தட்டு இறக்குமதியாக அமெரிக்காவை அடைந்து, அங்கே தேவை பெருகியதன் விளைவாக 1979இல் அங்கும் வெளியாயிற்று. அக்குழுவினரின் மிக அதிகமாக விற்பனையான தொகுதியாகவும் அமைந்தது. அமெரிக்கர் தம் நாட்டுக் குழுவொன்றை யப்பானியரின் செவி வழியே கண்டுகொண்டனர். புடோக்கான் என்பது தற்காப்புக் கலைகளுக்கென எழுந்த மண்டபம். 1966இல் பீற்றில்ஸ் அங்கே பாடுவதற்கு எதிர்ப்பு எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அம்மண்டபத்தின் பெயரே ஓர் அமெரிக்கக் குழுவுக்குப் பெருமை தேடித்தந்தது.

இவற்றையெல்லாம் நோக்கும்போது மையம், விளிம்பு என்னும் பாகுபாடு எத்துணை நெகிழ்வானது என்பது விளங்கும். கலையைப் பெற்றுக்கொள்ளும் சமூகம், தன் கவனத்தின் தீவிரத்தால் அக்கலையின் ஆக்கத்திலும் பங்குகொள்கின்றது. கச்சேரியின் பதிவிற் கேட்கும் கரவொலி, அக்கலைப்படைப்பின் ஒரு பகுதியாகவே நிலைபெற்றுவிட்டது.

6

இப்பின்னணியில், இன்றைய சேகரிப்பின் மதிப்பீட்டு முறையை ஆராய்தல் பொருத்தமாகும். சந்தையில் உயர்ந்த தரம் பெறுவது மிகக் குறைவாக இசைக்கப்பட்ட தட்டு. உறை பிரிக்கப்படாததாயின் இன்னும் சிறப்பு. முன்னைய உடைமையாளர் தம் பெயரை உறையில் எழுதியிருப்பின் விலை வீழ்ந்துவிடும். கோப்பிக் கடையில் ஆயிரம் பேர் கேட்டுத் தேய்ந்த தட்டுக்கு விலையே இல்லை. சுருங்கக் கூறின், பயன்பாட்டுப் பெறுமதியின் தடயங்கள் எவ்வளவு குறைகின்றனவோ, பரிவர்த்தனைப் பெறுமதி அவ்வளவு கூடுகின்றது. இத்தட்டுகளுக்குச் சிறப்பை ஈட்டித்தந்த கேட்போரே இவ்விலைப்பட்டியலில் குறையாகக் கணிக்கப்படுகின்றனர்.

வால்ரர் பெஞ்சமின் 1930களில் எழுதிய கட்டுரைகளில், பொறிமுறை மறுவுருவாக்கம் கலைப்படைப்பைச் சூழ்ந்துள்ள தனித்தன்மையின் ஒளிவட்டத்தைச் சிதைக்கின்றது என்றார். அதனைக் கலை மக்கள்மயமாவதற்கான வாய்ப்பாகவும் கண்டார். நூல் சேகரிப்பில் தாமே ஈடுபட்டிருந்த அவர், பொருளைப் பயன் என்னும் ஊழியத்திலிருந்து விடுவிப்பவனாகச் சேகரிப்பவனைக் கருதினார். யப்பானிய இசைத்தட்டு இவ்விரு கருத்துகளையும் ஒருங்கே சோதிக்கின்றது. பொறியினால் ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு பண்டத்துக்கு, சந்தை புதிதாக ஓர் ஒளிவட்டத்தைச் சூட்டியுள்ளது. அவ்வட்டம் படைப்பிலிருந்து எழவில்லை, தாட்பட்டியிலிருந்து எழுகின்றது. இன்று மேற்கு நாடுகளில் வெளியாகும் மீள்பதிப்புகள் சிலவும் ஓபியைப் போன்ற பட்டியை அணிந்து வருகின்றன. அந்நாட்டு வாசகருக்கு விளங்கவேண்டிய செய்தி எதுவும் அதில் இல்லை. ஒரு காலத்தில் மொழி தெரியாதாருக்கு உதவிய தாள், இப்போது மதிப்பின் வெற்றுக் குறியாகிவிட்டது.

எனினும் சேகரிப்போரை முற்றாகப் பழித்தல் நேர்மையாகாது. 1982 ஒக்டோபரில் யப்பானிற் குறுந்தட்டுகள் விற்பனைக்கு வந்தபின், வைனைல் தட்டு விரைவில் வழக்கிழந்தது. சோனி நிறுவனம் 1989இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. 2010ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 1 இலட்சம் தட்டுகளாகச் சுருங்கியது. யொக்கொகாமாவிலுள்ள தொயோ கசே என்னும் ஒரே நிறுவனமே தொடர்ந்து அழுத்தி வந்தது. பின்னர் தேவை மீண்டும் வளர்ந்து 2017இல் உற்பத்தி 10 இலட்சத்தைக் கடந்தது. 2018இல் சோனியும் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில், வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட தட்டுகளையும் தாள்களையும் குப்பைக்குச் செல்லாது காத்தவர்கள் சேகரிப்போரே. பதிப்பிலக்கம், வெளியான ஆண்டு, ஓபியின் வகை, தட்டின் உட்புறத்திற் கீறப்பட்ட குறிகள் என்பவற்றை அவர்கள் ஒழுங்காக அட்டவணைப்படுத்தியுள்ளனர். எந்நூலகமும் முற்படாத வேளையில் நிகழ்ந்த பணி இது. பேராசையும் பேணுகையும் ஒரே கையில் இருத்தல் வரலாற்றிற் புதிதன்று.

ஆயின் அட்டவணை ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி அதன் முடிவாகாது. தட்டின் எடையையும் நிறத்தையும் குறித்தவர்கள், உள்ளிதழில் விமரிசகர் என்ன எழுதினார் என்பதைக் குறிப்பது அரிது. மொழிபெயர்ப்பாளரின் பெயர் பதிவாவதும் அரிதே. எந்தத் தாள் ஓர் அந்நியக் கலையை ஒரு மக்களுக்கு உரியதாக்கிற்றோ, அத்தாள் 'உண்டு', 'இல்லை' என்னும் இரு சொற்களுள் அடங்கிவிடுகின்றது.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். யப்பானிய இசைத்தட்டின் ஒலிச்சிறப்பு மெய்யானதே. அது தொழினுட்பத்தின் விளைவு, அதற்கும் எல்லையுண்டு. அதன் அருமை சந்தையின் விளைவு. சந்தை மாறின் அதுவும் மாறும். நிலைத்து நிற்கக்கூடியது, அத்தட்டில் உறைந்துள்ள வரவேற்பின் உழைப்பு. தலைப்பைப் பெயர்த்தவர், வரிகளை விளக்கியவர், தடத்தை வெட்டியவர், செலவைச் சிந்தித்து வாங்கியவர், ஒரு கிண்ணம் கோப்பியோடு வாய்பேசாது கேட்டவர் ஆகிய அனைவரும் அவ்வுழைப்பிற் பங்குடையர்.

பிறமொழிக் கலைகளையும் சிந்தனைகளையும் மொழிபெயர்ப்பின் வழியே பயிலும் எச்சமூகத்துக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தாமதமாகப் பெற்றவர், படியின் படியைப் பெற்றவர் என்பதனால் ஒருவர் தாழ்ந்த வாசகராகிவிடுவதில்லை. படியை எவ்வளவு கூர்மையாக வாசித்தார், அதிலிருந்து எதனை ஆக்கினார் என்பதே அளவுகோலாகும். பிழையாகப் பெயர்த்த ஒரு சொல்லிலிருந்து ஒரு காடே முளைத்ததை மேலே கண்டோம். நூலையோ தட்டையோ கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டுவதனால் அத்தகைய முளை தோன்றாது.

ஆதலின், இத்தட்டுகளைத் திரட்டி வைத்திருப்போரிடம் திறனாய்வு வேண்டுவது மிகையான ஒன்றன்று. தாட்பட்டியைப் பேணுக, அதில் எழுதப்பட்டிருப்பதை வாசிப்பிக்கவும் செய்க. மொழி தெரிந்தவரைக் கொண்டு உள்ளிதழ்களைப் பெயர்த்து வெளியிடுக. மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டவணையிற் சேர்க்க. எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டை இசைக்க விடுக. ஒவ்வொரு முறை இசைக்கும்போதும் தடம் சிறிது தேயும் என்பது உண்மையே. தேய்வதற்கென்றே அது வெட்டப்பட்டது.